லீமா வீட்டு வியாழக்கிழமை

விருத்தாசலம் பீங்கான் பேட்டைக்குப் பின்தெருவில், லீமாவின் வீட்டுக்குள் மட்டும் பதினோரு மாதமாக மார்ச் பதினான்கு, வியாழக்கிழமையாகவே இருந்தது. வாசலுக்கு வெளியே ஊருக்குரிய தேதி நடந்தது. அவள் கணவன் ஜெரோம் காலையில் திங்களுக்கோ புதனுக்கோ இறங்கிப்போய், பொம்மைச் சூளையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் வியாழனுக்குத் திரும்பினான். காலண்டரில் எத்தனை தாள் கிழித்தாலும் அடியில் அதே தாள் இருந்தது. பால் திரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து லீமாவின் வயிற்றில் வந்த குழந்தையும் ஏழாம் மாதத்தைத் தாண்டவில்லை. நர்ஸ் அம்புஜவல்லி மாதாமாதம் வந்து துடிப்பைக் கேட்டு, நல்லா இருக்குது, ஏழு மாசம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் இருவருக்கும் தெரியும். சூளையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஒன்றை லீமா எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் இணையத்தில் திறந்து வைத்திருந்தாள். பெரு நாட்டிலிருந்துகூடத் திருத்தங்கள் வந்தன. நான்காம் பதிப்பு மார்ச் பதினான்கில் வரும் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். கரண்ட் போய் வந்தால் சூளை விட்ட இடத்திலிருந்து தொடரும்படி தான் எழுதிய பகுதி சரியாக வரவில்லையென்று அன்று காலை வெளியீட்டை நிறுத்தினாள். அது முடியட்டும் என்றாள். அதற்குள் வேறொரு திருத்தம் வந்தது. அதுவும் சேரட்டும் என்றாள்.

ஊரில் பிப்ரவரி ஆறாம் தேதியான அன்று, ஜெரோம் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"நாளைக்குச் சூளை ஏத்துறோம். எரநூறு பொம்ம இன்னும் ஈரமா இருக்குது. உள்ள வச்சா வெடிச்சிடும். அதுக்காவ சூளைய நிறுத்த மாட்டோம், லீமா. காஞ்சது போவும், ஈரம் அடுத்த சூளைக்கு நிக்கும்."

"என்னோடதே பாதியில கெடக்குதுங்க. அத வுட்டுட்டு எப்படி அனுப்புறது?"

"அப்ப புள்ளைக்கும் ஏதாச்சும் திருத்தம் பாக்கி இருக்குதா?"

லீமா வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் எழுதினாள்: பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களின் முதல் வெள்ளியன்று பதிப்பு வரும். முடிந்தது போகும், முடியாதது அடுத்த பதிப்புக்கு நிற்கும், யாருடையதானாலும். பதிப்பிலிருந்து முதலில் எடுத்து வைத்தது தன்னுடைய பகுதியைத்தான். அதைச் செய்யும்போது மட்டும் கொஞ்சம் அழுதாள். மறுநாள் நான்காம் பதிப்பை வெளியிட்டாள். வீட்டுக்குள்ளும் பிப்ரவரி ஏழு ஆனது. வயிற்றில் குழந்தை புரண்டது.

மே மாதப் பதிப்புக்கு எவையெவை தயார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்த ஏப்ரலில் வலி கண்டது. இருபது மாதம் சுமந்து பெண் குழந்தையைப் பெற்றாள். அம்புஜவல்லி எடை பார்த்து, பதிவேட்டில் நிறைமாதப் பிரசவம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.