ஆறாத அடுப்பு

பக்கத்து வீட்டு அடுப்பை இடித்து, அதன் விளிம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாக்கில் போட்டான் அவாக். அடுத்தது அவன் வீடு. கை வலிக்கிறது என்று சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றான். வலி கையில் இல்லை.

எரெவான் கோட்டை ஆளுநரின் உத்தரவு அது. மேற்கிலிருந்து சுல்தானின் படை வருகிறது. வரும்போது இந்த மாகாணத்தில் ஒரு பிடி கோதுமையோ, ஒரு வாய்த் தண்ணீரோ, ரொட்டி சுட ஓர் அடுப்போ மிஞ்சக் கூடாது. சண்டையில் நிறுத்த முடியாதவனைப் பட்டினியால் நிறுத்துவது ஆளுநரின் அரசரான ஷாவின் வழி. சனங்களை அராஸ் ஆற்றுக்கு அப்பால் மாடு ஓட்டுவதுபோல் ஓட்டியாகிவிட்டது. உடம்பில் தெம்புள்ள ஆண்கள் சிலரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள், அவனவன் ஊரை அவனவனே இடிக்க. எந்த வீட்டில் எந்தக் குழியில் தானியம் கிடக்கும் என்று ஊர்க்காரனுக்குத்தானே தெரியும். ஏமாற்றாமலிருக்க வீட்டுக்கு ஓர் அடுப்பு விளிம்புத் துண்டு காட்ட வேண்டும். கோட்டை வாசலில் அந்தத் துண்டுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதாகப் பேச்சு.

வேலை முடிந்தால் ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு சேரலாம் என்றார்கள். அவாக்குக்குக் குடும்பம் என்றால் தாமார் ஒருத்திதான். ஆற்றங்கரை வரை கழுதை ஓட்டிப் போய்த் திரும்பி வந்த ஊர்க்காரன் மெல்கோன் சொன்னான்: “பொம்பளைங்க போன தெப்பம் கவுந்துருச்சுண்ணே. தாமாரக்காவைக் கரையில பாத்தேன்னும் சொல்ல மாட்டேன், தண்ணியில பாத்தேன்னும் சொல்ல மாட்டேன்.”

அவாக் உள்ளே போனான். தரையில் குழித்துப் பதித்த அடுப்பின் வாய் இருட்டாகத் திறந்து கிடந்தது. போன படையெடுப்பில் கோயில் எரிந்து, கல்யாணம் செய்துவைக்கும் சாமியாரும் செத்துப்போன சமயம், அவனும் தாமாரும் இந்த அடுப்பைச் சுற்றிவந்து, விளிம்பை முத்தமிட்டுத்தான் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள். சாட்சி சொல்ல வேறு யாரும் உயிரோடு இல்லை. அடுப்புதான் சாட்சி.

சம்மட்டியை ஓங்குமுன் பழக்கத்தில் குனிந்து விளிம்பைத் தொட்டான். சுட்டது.

கையை இழுத்துக்கொண்டான். ஊர் காலியாகி எத்தனையோ நாளாயிற்று. மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். சாம்பலுக்கடியில் கங்கு மூச்சுவிட்டது. உள்சுவரில் ஒரு ரொட்டி ஒட்டியிருந்தது. ஊரெல்லாம் சுடும் மெல்லிய ரொட்டி இல்லை. கடைசி மாவை உருட்டிக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, அவனுக்கென்று தாமார் போடும் தடித்த ரொட்டி.

“தாமார்” என்றான். புகை போகும் கூரைத் துவாரத்திலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. மலைக்குகையில் ஒளிந்த எவளோ வந்து சுட்டிருப்பாள் என்று நினைத்தான். கட்டைவிரல் எல்லாருக்கும்தான் இருக்கிறது. அப்படி நினைத்தபோதே பிடரி மயிர் சிலிர்த்தது.

“டேய் அவாக்! அடுப்புக்குள்ள குடும்பம் நடத்துறியா?” வெளியே குதிரைமேல் இருந்த துந்தார் பெக் கத்தினான். ஆளுநரின் சிவப்புத் தொப்பிச் சிப்பாய்.

“இதோ, எசமான்.”

ரொட்டியைப் பிய்த்துச் சட்டைக்குள் செருகினான். பின்வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, உடைத்த அடுப்பிலிருந்தே இன்னொரு துண்டைப் பொறுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

துந்தார் பெக் துண்டை வாங்கிப் பார்த்தான். பிறகு மோப்பம் பிடித்தான்; சுட்ட ரொட்டி வாசம். எல்லாரும் வறுத்த கோதுமையை மென்று பல் தேய்ந்த காலம் அது.

“சம்மட்டிச் சத்தம் கேக்கலியேடா.”

“பழைய அடுப்பு. மிதிச்சாலே உடைஞ்சிரும்.”

“அப்படியா? அடுப்பு மேல சத்தியம் பண்ணு.”

சிப்பாயின் குலத்திலும் அடுப்புச் சத்தியம்தான் பெரிய சத்தியம். அதில் பொய் சொன்னவன் வீட்டில் விளக்கெரியாது. அவாக் வாயைத் திறந்தான். தலை போகட்டும், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் அவனால் பொய்யாக்க முடியாது. சட்டைக்குள் கையை விட்டு ரொட்டியை எடுத்துப் பாதியாகப் பிய்த்து நீட்டினான். ஆவி வந்தது.

துந்தார் பெக் அதைப் பார்த்தான். “கொளுத்துறதுக்கு நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க. அவங்களுக்கு என்னத்தடா குடுப்ப?” என்றான். பிறகு வாங்கிக் கடித்தான்.

“யாரு சுட்டது?”

“தெரியல, எசமான்.”

“யாரா இருந்தா என்ன. உப்பே போடலியே, பாவி.”

கல்யாணமான நாளிலிருந்து தாமாரோடு அவாக் போட்ட சண்டையெல்லாம் அவள் ரொட்டியில் உப்புப் போடாததற்குத்தான். ஊர் உப்பு மூட்டையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, யார் சுட்டாலும் உப்பு இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

குதிரை முன்னே நடந்தது. துந்தார் பெக் கடைசி வரை திரும்பவில்லை. சாக்கைச் சுமந்துகொண்டு பின்னால் போன அவாக், ஊர் எல்லையில் நின்று திரும்பினான். இடிந்த கூரைகளுக்கு நடுவே அவன் வீட்டுக் கூரையிலிருந்து, யாரோ இப்போதுதான் சுள்ளி போட்டதுபோல், புகை நிமிர்ந்து எழுந்துகொண்டிருந்தது.