அய்யனார் புரவியும் ஆகஸ்ட் பதினைந்தும்

டமார்! டமார்! டமார்!

வேளார் தெருப் பக்கம் அதிர்வேட்டு வெடித்ததுதான் தாமதம், பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்திருந்த கொஞ்சநஞ்சக் கூட்டமும் துள்ளி எழுந்தது. "புரவி தூக்கியாச்சுடியோவ்!" என்று கத்திக்கொண்டு கண்ணாத்தாள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே பறந்தார்கள். பந்தலுக்குக் கீழே காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஊராட்சித் தலைவர் அமுதவல்லி தனியாக நின்றாள்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆகஸ்ட் பதினைந்து லீவு நாள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் வந்திருப்பார்கள் என்று பார்த்துப் பார்த்து அய்யனாருக்கு மண்குதிரை சுமந்துபோகும் புரவி எடுப்பை அன்றைக்கே வைத்துவிட்டது பூவாண்டிக்காடு. கிராம சபையும் அன்றைக்குத்தான் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. தேதி குறித்தபோது முதலில் தலையாட்டியவளே அமுதவல்லிதான்!

மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி குணசேகரன் தொண்டையைச் செருமினார். "நூறு பேராவது இருக்கணும்மா. இல்லேன்னா ஒத்திவைக்க வேண்டியதுதான்."

ஒத்திவைத்தால் எல்லாம் போச்சு. ஊருக்கு மேற்கே வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனி ஒன்று இடம் வளைத்திருந்தது. ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்க அடுத்த வாரமே போர்வெல் வண்டி வருகிறது. அவர்கள் உறிஞ்ச ஆரம்பித்தால் சுற்றுவட்டாரத்தில் ஒரு தென்னை நிற்காது. ஆலை வேண்டாம் என்று இன்றைக்கே தீர்மானம் போட்டாக வேண்டும்.

முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் சிவா. திருமயம் பக்கத்துக்காரன், கம்பெனியின் சார்பில் வந்தவன்.

"எதுக்கு மேடம் சிரமப்படுறீங்க? ரெண்டு நாட்டு அரசாங்கமும் பேசி ஒப்பந்தம் போட்டாச்சு. டில்லியில முடிஞ்ச விஷயம். இங்க நாலு பேர் கை தூக்கி என்ன ஆகப்போவுது?"

அமுதவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். "சார், அரை மணி நேரம் குடுங்க. இந்தா வாரேன்!" என்று ஸ்கூட்டியை முறுக்கினாள்.

கண்மாய்க்கரைத் திருப்பத்தில் ஊர்வலம் எதிரே வந்தது. கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மண்குதிரைகள் மாலையும் துண்டுமாகத் தோள்களின் மேல் அலை அலையாக ஆடி வந்தன. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"ஏ, தள்ளு தாயி!" பூசாரி வெள்ளைச்சாமி பதறினார். "தூக்குன புரவிய கோயில்லதான் எறக்கணும். நடுவழியில வச்சா ஊருக்கு ஆகாது!"

"யாரு எறக்கச் சொன்னா? தோள்லயே இருக்கட்டும். பள்ளிக்கூட வாசல் வழியா போங்க."

"அது சுத்து வழில்ல?"

"கண்மாய் வத்திப்போனா அய்யனாரு எந்தக் கரையில நிப்பாரு பூசாரி?"

வெள்ளைச்சாமி கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். "திருப்புங்கடா அங்கிட்டு!"

மைதானம் நிமிஷத்தில் நிரம்பிவிட்டது. புரவிகள் பந்தலுக்கு வெளியே வரிசை கட்டின. சுமந்தவர்களின் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. சிவா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"சார், இது செல்லாது! இவங்க சாமிக்கு வந்தவங்க. கூட்டத்துக்கு வரலை!"

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்கு வந்தாங்கன்னு விசாரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல தம்பி. இந்த ஊர் வாக்காளர்தானா, இப்ப இங்க இருக்காங்களான்னுதான் பார்ப்பேன். நீங்க ஆரம்பிங்கம்மா."

கையெழுத்துப் புத்தகம் தோளுக்குத் தோள் தாவியது. முன் புரவியைத் தாங்கியிருந்த நாகராசு, கத்தாரிலிருந்து முந்தாநாள்தான் வந்தவன், ஒற்றைக் கையால் பேனாவைப் பிடுங்கினான்.

"பாத்துடா மாப்ளே, குதிரை சாயுது!" என்று பின்னாலிருந்தவன் அலறினான்.

"பொறுடா! பத்து வருசமா அந்த நாட்டுல ரோடு போடுறேன். இந்த ரோடு இங்கிட்டுப் போகட்டுமா அங்கிட்டுப் போகட்டுமான்னு ஒருத்தன் என்னையக் கேட்டதில்ல. இங்க கேக்குறாக. போடாம விடுவனா?"

"போட்டுத் தொலை, என் தோளு கழண்டுரும்போல இருக்கு!"

கூட்டம் சிரித்தது. அமுதவல்லி மைக்கைப் பிடித்தாள். "நம்ம ஊராட்சி எல்லைக்குள்ள இந்த ஆலைக்குச் சம்மதமில்லை. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

பெண்கள் பக்கம் கைகள் விருட்டென்று உயர்ந்தன. ஆண்கள் விழித்தார்கள்.

"மதினி, நாங்க கையத் தூக்குனா குதிரையில்ல கீழ வரும்!" என்றான் நாகராசு.

"வாயத் தொறந்து சொல்லுங்கய்யா!"

"சம்மதமில்லே!"

அந்தச் சத்தத்தில் அரசமரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன. கொட்டு மறுபடி முழங்கியது. புரவிகள் குலுங்கிக் குலுங்கிக் கோயில் பாதையில் கிளம்பின. குணசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அமுதவல்லி ஊராட்சி முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து, செல்போனைக் காதிலிருந்து எடுத்தபடி சிவா ஓடி வந்து மேஜையைப் பிடித்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு நிமிஷம்! முத்திரை போட்டுடாதீங்க. பேசிக்கலாம். குழாயைப் பாதியாக் குறைச்சுக்கச் சொல்றேன்."

டொப்! முத்திரை தாளில் விழுந்தது. அதன்பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"டில்லியே கையெழுத்துப் போட்டிருக்குன்னு சொன்னீங்க. பூவாண்டிக்காட்டு முத்திரைக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது?"

சிவா தலையைக் குனிந்துகொண்டான். 'மேடம்' போய், ஊர்ப்பக்கத்து 'ஆச்சி' வந்துவிட்டது.

"ஆச்சி... கம்பெனிக்குக் கடன் குடுக்கிற லண்டன் பேங்குல டில்லி கையெழுத்து மட்டும் போதாதாம். இந்த ஊர் சம்மதிச்சாத்தான் பணமாம்."