கடைசி ஒரு சாண்

பெரிய மோட்டார்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் கிரேன் ஓட்டுவது ஒரு பெண் என்றதும் முதலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. கூரைக்கு அடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எத்தனை டன் பாரமானாலும் முட்டையை வைப்பதுபோல் இறக்குவாள். நரைத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் அவள் கூடப்பிறந்த அக்கா.

அந்தத் தம்பியின் கையில்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் மோட்டார் விழுந்தது.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. பாரம் தரையை எட்ட ஒரு சாண் இருக்கும்போது, கீழே நிற்பவன் ஒரு கையால் ‘இறக்கு’ என்று சைகை காட்டிக்கொண்டே மறு கையால் அடியில் கிடக்கும் மரக்கட்டையை நகர்த்திச் சரிசெய்வான். நேரம் மிச்சம், பார்க்கிறவர்கள் முன்னால் கெத்து. யார் ஆரம்பித்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது, நிறுத்தச் சொல்லவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குத் தம்பி வலது கையை ஆட்டினான். அக்கா இறக்கினாள். மோட்டாரைக் கொக்கியில் கட்டியிருந்த பெல்ட் ஒரு பக்கம் வழுக்கி மோட்டார் சரிந்து விழுந்தது. இடது கை கட்டையின்மேல் இருந்தது. மூன்று விரல் போயிற்று.

ஆபீஸில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். யாருடைய கவனம் என்று எழுதவில்லை. அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி உட்பட. அவள் நெஞ்சை அறுத்ததே அதுதான். ஆட்டின கையைப் பார்த்தவள் மற்ற கையை ஏன் பார்க்கவில்லை? இந்தக் கேள்வியில் பல நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ராத்திரி அழுது தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாள் காலையிலேயே அந்த முடிவுக்குச் சோதனை வந்தது. மூன்று டன் மோட்டார் ஒன்று லாரியிலிருந்து எழும்பி வந்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. சுற்றிலும் நாலு பேர். கொக்கி என்று பட்டப்பெயர் வாங்கிய மூத்த ஆள் ஒரு கையைக் கட்டையில் வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினார். மோட்டார் கீழே வராமல் மேலே ஏறியது.

“என்னக்கா, தூக்கக் கலக்கமா?” என்று கத்தினார் கொக்கி.

அவள் கூண்டிலிருந்து தலையை நீட்டினாள். “நாலு பேரும் ரெண்டு கையையும் தூக்குங்க. தூக்கினாத்தான் இறக்குவேன்.”

“போலீஸ்ல சேந்துட்டியாக்கா? சொல்லவே இல்ல!” என்று சிரித்தான் ஒருவன்.

“கட்டைய யாரு நகத்துறது, உங்க வீட்டுக்காரரா?” என்றான் இன்னொருவன்.

“அந்தா சுவரோரம் நீளமா ஒரு கம்பு கிடக்குல்ல, அதால தள்ளுங்க. கம்புக்கு வலிக்காது” என்றாள் அவள்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார். “ஏம்மா, லாரிக்காரன் என் உயிர எடுக்கறான். விளையாட இதுவா நேரம்? இறக்கலைன்னா நாளைக்கு அந்தக் கூண்டுல வேற ஆளு உக்காரும்.”

இந்த மூன்று மாதமாக அவள் சம்பளத்தில்தான் இரண்டு வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனாலும் லிவரில் இருந்த கை அசையவில்லை.

“உக்காரட்டும் சார். இன்னைக்கு நான்தான் உக்காந்திருக்கேன். கையைக் காட்டச் சொல்லுங்க.”

சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கொக்கி முணுமுணுத்துக்கொண்டே போய்க் கம்பை எடுத்து வந்து கட்டையைத் தள்ளினார். பிறகு விலகி நின்று இரண்டு கையையும் தூக்கினார். அடுத்த இருவரும் தூக்கினார்கள். நாலாவது ஆள் தம்பி. அவன் வலது கையை மட்டும் தூக்கினான். இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

கட்டுப் பிரித்ததிலிருந்து அவன் அந்தக் கையை யாருக்கும் காட்டியதில்லை. அவளுக்கும்தான். இவனை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் மனசு இளகியது. விட்டால் நாளைக்கு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

“இன்னொரு கை எங்கடா?”

“வேணாம்க்கா. எல்லாரும் பாக்கறாங்க.”

“நான் பாக்கணும்டா. அன்னைக்குப் பாக்காம விட்டுட்டேன்.”

தம்பி குனிந்து நின்றான். பிறகு பாக்கெட்டிலிருந்து கையை மெல்ல எடுத்து, தலைக்கு மேலே தூக்கினான். கட்டை விரலும் சுண்டு விரலும் இருந்தன. நடுவில் தையல் போட்ட தழும்பு சிவந்து கிடந்தது. அவளுக்குக் கண் எரிந்தது. ஆனாலும் இமைக்காமல் பார்த்தாள். எட்டுக் கையையும் எண்ணிவிட்டு மோட்டாரை இறக்கினாள்.

சூப்பர்வைசர் “அடுத்தத எடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த பாரம் ஒரு சாணுக்கு வந்தபோது அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கீழே முதலில் உயர்ந்தது தம்பியின் இடது கை.