தலைவரின் இடது சிறுநீரகம்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர், ஆண்டுக் கூட்டத்தில் ஒழுக்கத்தைப் பற்றி முழங்கிக்கொண்டே பின்னால் நகர்ந்ததில் மேடையிலிருந்து கவிழ்ந்து, நாற்காலிக் கைப்பிடியில் இடது விலாவை இடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவர்கள், "பின்னாலயே வர்றோம் சார்" என்றார்கள். பிறகு கூட்டம் இனிதே தொடர்ந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா அவர் விலாவில் சில்லென்று ஜெல்லைப் பிதுக்கினாள்.

"கூட யாரு சார்?"

"வந்துட்டே இருக்காங்கம்மா. உங்க வராண்டா தாங்காது."

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

பிடித்தார். திரையில் பெரிய அவரை விதை மாதிரி சிறுநீரகம் தெரிந்தது. அதன் ஓரமாக, இருக்கக் கூடாத ஒரு கறுப்புப் பட்டை. டாக்டரம்மா அதையே அளந்துகொண்டிருந்தாள்.

"விட... லாமாம்மா?"

தலைவர் ஒருவரிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, மறந்தே போச்சு! விடுங்க சார். சிறுநீரகத்தைச் சுத்தி ரத்தம் கசிஞ்சிருக்கு. சி.டி. ஸ்கேனும் எடுத்துடலாம். கசிவு பெருசாகுதான்னு சாயங்காலம் மறுபடி பாக்கணும். அசையக் கூடாது, பக்கத்துல ஒரு ஆள் வேணும். வீட்டுல யாரு?"

"அவ போய்ச் சேந்துட்டா. மக வெளிநாட்டுல. எனக்குச் சங்கம்தாம்மா எல்லாம்."

சி.டி.க்குத் தனியாகப் போனார். வார்டுக்கு வந்ததும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை விட்டார்: 'தலைவருக்கு உள் ரத்தக்கசிவு. உறுப்பினர்கள் பதற வேண்டாம்.' அவர் சொல்லி உறுப்பினர்கள் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

மதியம் பொருளாளர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். தலைவர் கட்டிலோரத்தைத் தட்டிக் காட்டினார்.

"வாய்யா! நீயாவது வந்தியே. உள்ள ரத்தம் கசியுதாம்யா."

"அடடா. அங்க குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல சார். மோட்டார் ரூம் சாவி உங்ககிட்டயாமே?"

தலைவர் தன் சட்டைப் பையைக் காட்டினார். பொருளாளரே எடுத்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் உக்காரேன்யா."

"தொட்டிய ரொப்பிட்டு ஓடி வந்துடறேன் சார்."

சாயங்காலம் மறுபடி ஜெல், மறுபடி மூச்சு. இந்தத் தடவை "விடுங்க" என்பது உடனே வந்தது.

"பட்டை பெருசாகல சார். கசிவு நின்னுடுச்சு. நல்ல சேதி, உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க!"

தலைவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் குழுவைத் திறந்தார்.

'தண்ணீர் வந்துவிட்டது' என்று பொருளாளர் போட்டிருந்தார். எல்லோரும் நன்றி சொல்லியிருந்தார்கள்.