கழலும் பக்கம்

வா. இறங்கு. மெதுவாகவே இறங்கு, அவசரமில்லை. இந்த வாசலுக்கு ஒருநாள் நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். எந்த முகத்தோடு வருவாய் என்பதைத்தான் இத்தனை வருஷமும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இழுவை வண்டியிலிருந்து இறங்கிய அண்ணனிடம் அவள் நினைத்துவைத்திருந்த எந்த முகமும் இல்லை. காதோரம் நரைத்து, வயிறு சற்றுத் தள்ளி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாதாரணமாக நின்றான். அந்தச் சாதாரணம்தான் அவளுக்கு ஆத்திரமூட்டியது. அவனுக்குப் பின்னால், கொக்கியில் மாட்டியபடி, அப்பாவின் பழைய ஜீப்.

“எப்படி இருக்கே?”

“இருக்கேன்.”

“ரெண்டாவது கியர் நிக்கவே மாட்டேங்குது. போட்டா துள்ளி வெளியே வந்துடுது. கியர் பாக்ஸுக்குள்ள தண்ணி வேற இறங்கியிருக்கு. நம்ம ஷெட்டுப் பசங்களுக்கு கம்ப்யூட்டரைச் சொருகினாத்தான் வண்டியோட பேசத் தெரியும். இதைப் பார்த்து முழிக்கிறாங்க.”

“நீ?”

“எனக்கு இடுப்பு போச்சு. குனிஞ்சா நிமிர முடியல.” அவன் அவளைப் பார்க்காமல் டயரைக் காலால் தட்டினான். “அப்பா ஒரே ஒரு தடவை இதுல மலைமேல போய் வரணும்ங்கிறார். வயசாச்சு, இல்லைன்னு சொல்ல முடியல. ஆனா நீ செஞ்சதுன்னு தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஏற மாட்டார். நான் செஞ்சதாச் சொல்லிக்கிறேன்.”

பக்கத்துக் கடை லேத்துக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, உங்க கல்யாணத்துக்கும் மாப்பிள்ளையா வேற ஆளைத்தான் அனுப்பினீங்களா?”

அண்ணன் சிரித்துவைத்தான். அவள் சிரிக்கவில்லை. “விட்டுட்டுப் போ. முடிஞ்சதும் கூப்பிடறேன்” என்றாள்.

அந்த கியர் பாக்ஸ் அவள் தனியாகப் பூட்டிய முதல் பாக்ஸ். அப்பாவின் பட்டறையில், அண்ணனுக்கு முன்பாக, அப்பா அவளை நம்பிக் கொடுத்த வேலை. மறுநாள் காலையில் அப்பாவே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில், இரண்டாவது கியர் தானாக விடுபட்டது. பிடிமானம் இழந்த வண்டி பாறையில் போய் மோதியது. அப்பாவின் இடதுகால், கிளட்ச் மிதிக்கிற கால், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “அவளை என் கண்ணுல காட்டாதீங்க.”

நான் இறுக்கினேன் அப்பா என்று அவள் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவளுக்கே நிச்சயமில்லாமல் போனது. பாத்திரம் விளக்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் வலதுகை விரல்கள் தாமாக ஒரு ஸ்பேனரைப் பிடித்து, இல்லாத ஒரு ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதை நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தார்கள்.

ஜீப்பைச் சுவரோரம் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, யாரும் அதைத் தொடக்கூடாது என்றார் அப்பா. பட்டறை அண்ணன் கைக்குப் போனது. அவள் இங்கே வந்து லேத்துக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கடை போட்டாள்.

அண்ணன் வந்துபோன மறுநாள் வண்டிக்கடியில் படுத்து, பாக்ஸைத் தாங்கிய ஜாக்கியை இறக்கும்போது அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஒரே ஒரு ஸ்க்ரூ. பாதிச் சுற்று தளர்த்தி வைத்தால் போதும். அதே மலை, அதே வளைவு, இந்தத் தடவை ஸ்டியரிங்கில் அவன். எண்ணம் அருவருப்பாக இல்லை, இதமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதை அப்படியே இருக்கவிட்டாள். பிறகு பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது நினைவுக்கு வந்தது.

மேல்மூடியைத் திறந்தாள். எண்ணெய் தண்ணீரோடு கலந்து மோர் நிறத்தில் கிடந்தது. மூடியைப் புரட்டி மேசையில் வைத்தாள். கியரைத் தள்ளுகிற இரண்டு கவைகளும் மூடியின் அடியிலேயே தொங்கும். ஒவ்வொரு கவையையும் அதன் தண்டோடு பிடித்து வைப்பது ஒரு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ கழலாமலிருக்க அதன் தலையில் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து முறுக்கிக் கட்ட வேண்டும். கம்பி எப்போதும் ஸ்க்ரூவை இறுகும் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பா அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் கட்டு அதுதான்.

முதல் கவையின் கம்பி அவளுடையது. பார்த்ததும் தெரிந்தது, தன் கையெழுத்தைப் போல.

இரண்டாவது கியரைத் தள்ளும் கவையின் கம்பி எதிர்த்திசையில் முறுக்கியிருந்தது. ஸ்க்ரூவைக் கழலும் பக்கமாக இழுத்தபடி.

கந்தலால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஸ்க்ரூ விரலாலேயே அசைந்தது. அவளுக்குத் தெரிந்த ஆட்களில் ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் இடது கையில் பிடிப்பவன் ஒருவன்தான். சின்ன வயதில் அதற்காக வீடே அவனைப் பீச்சாங்கை என்று கூப்பிட்டது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. வலதுகை மட்டும் மடியில் அசையாமல் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் செய்தது போன்ற வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. பேரிங்குகளை மாற்றினாள். தேய்ந்த பித்தளை வளையங்களைக் கழற்றிப் புதியவை போட்டாள். பல் உடைந்த கியருக்கு மாற்றுத் தேடி ஊரிலிருந்த பழைய இரும்புக் கடைகளையெல்லாம் அலசினாள். ஊசி போல் மெல்லிய பேரிங் உருளைகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டி அடுக்கினாள். மேல்மூடியை மட்டும் தொடவில்லை. அதை வெள்ளைத் துணியில் சுற்றி மேசை ஓரத்தில் வைத்தாள்.

“யாருக்கும்மா இது, சீரா?” என்றார் லேத்துக்காரர்.

“ஆமா. பிறந்த வீட்டுக்கு.”

அண்ணன் வந்தபோது பாக்ஸ் கழுவித் துடைத்து மேசைமேல் இருந்தது. குனிந்து பார்த்தவன் உண்மையிலேயே வியந்துபோனான். “அடேங்கப்பா! புதுசு மாதிரி இருக்கே.”

“மூடி ஒண்ணுதான் பாக்கி. அண்ணா, என் மணிக்கட்டு வலிக்குது. அந்த வைஸ்ல இறுக்கி வச்சிருக்கிற போல்ட்டுக்கு மட்டும் ஒரு கம்பி கட்டிக் குடேன்.”

“இதுக்குக்கூட நான் வரணுமா? பெரிய மெக்கானிக்!” என்று குஷியாகப் பிளேயரை எடுத்தான். இடது கையில். நுழைத்தான், இழுத்தான், சுழற்றினான். முடித்துவிட்டுத் திருப்தியோடு தட்டிப் பார்த்தான்.

அவள் துணியைப் பிரித்து மூடியை அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் முதலில் சிரித்தபடியேதான் பார்த்தான். பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணை மாற்றினான். அவன் முகம் மாறுவதை அவள் கடைசிவரை பார்த்தாள். ஒரு துளிகூட விடவில்லை. தன் முறுக்கு எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கு இதுவரை தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தெரிந்திருந்தால் இந்த வண்டி இந்த வாசலுக்கு வந்திருக்காது.

“அன்னைக்கு முந்தின நாள் சாயங்காலம் சும்மாத் திறந்து பார்த்தேன்” என்றான். “கியர் கொஞ்சம் டைட்டா விழுந்துச்சு. சரி பண்ணலாம்னு…”

“கழட்டினே.”

“திரும்ப இறுக்கினேன்னுதான் நெனைச்சேன்.”

“அப்பாவுக்குக் கால் போனதும்?”

அவன் பிளேயரை மேசைமேல் வைத்தான். லேத் இயந்திரம் எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில சொல்லிடலாம்னுதான் நின்னேன். அதுக்குள்ள அவர் உன்னைக் கண்ணுல காட்டாதீங்கன்னு சொல்லிட்டார்.”

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான். பேருந்து கிளம்பிவிட்டது என்பதைப் போல. அவளுக்குள் ஏதோ ஒன்று கசப்பாகவும் சுகமாகவும் ஊறியது. இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை.

“இத பாரு,” அவன் அவள் பக்கம் நகர்ந்தான். “இந்த வயசுல அவருக்கு இது தெரிஞ்சா தாங்குவாரா?”

“நான்தான் காரணம்னு நெனைச்சுத் தாங்கினாரே.”

“உன் அண்ணி, பிள்ளைங்க… அவங்க முகத்தை நெனைச்சுப் பாரு. நீ வீட்டுக்கு வா. நானே அப்பாகிட்ட பேசறேன், மன்னிச்சுடுங்கன்னு சொல்றேன்.”

“யாரை?”

அவன் மேசையிலிருந்த பிளேயரை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் வருமாறு நீட்டினான்.

“அந்தக் கம்பியை வெட்டிடும்மா. புதுசா ஒண்ணு கட்டி மூடிக் குடுத்துடு.”

அவள் கையைக் கந்தலில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. பிறகு மூடியை மறுபடி வெள்ளைத் துணியில் வைத்து, நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்தாள்.

“மாட்டேண்ணா. நாளைக்குக் காலையில அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. அவர் பார்த்தப்புறம் வெட்டறேன்.”