விடு என்று கத்தினேன்

என் தங்கைக்கு எங்கள் கூடைப்பந்து அணியில் தூங்குமூஞ்சி என்று பெயர். வைத்தது நான்தான். பந்து கைக்கு வந்து சேர்ந்த பிறகும், இது யார் வீட்டுப் பொருளோ என்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பயிற்சியில் எல்லோரும் சேர்ந்து "விடுடி, விடு" என்று கத்தினால்தான் கூடையை நோக்கி எறிவாள். எறிந்தால் பெரும்பாலும் விழும், அது வேறு விஷயம். எனக்குப் பெயர் பட்டாசு. அதை வைத்தது யார் என்று தெரிந்தால் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

நான் கல்லூரியில் கடைசி வருடம், அவள் முதல் வருடம். இரண்டு பேரும் சேர்ந்து ஆட எங்களுக்குக் கிடைத்தது இந்த ஒரு சீசன்தான். ஒரே அறையில் வளர்ந்து, ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். ஆனால் ஒரே நிறச் சட்டை போட்டு ஒன்றாக ஓடியது இப்போதுதான். அவளிடம் சொன்னால் தலைக்கேறிவிடும் என்று சொல்லவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சீசன் தொடக்கமே சொதப்பல். இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோல்வி, இரண்டும் கடைசி நிமிடத்தில், இரண்டும் என் வாயால். ரெஃப்ரியை நாங்கள் கொக்கு என்போம். ஒல்லியாக, நீளக் காலோடு, ஓரமாக அசையாமல் நிற்பார். முதல் ஆட்டத்தில் நான் பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டேன் என்று விசில் ஊதினார். நான் நடக்கவே இல்லை. "கண்ணை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டீங்களா" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், 'ங்க' போட்டு. அதற்கு ஒரு டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்குச் சும்மா ஒரு புள்ளி, அந்த ஒரு புள்ளியில் நாங்கள் காலி. இரண்டாவது ஆட்டத்திலும் இதே கதை, கேள்வி மட்டும் வேறு.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம்.

"இன்னைக்கு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை பேசினேன்னா, சீசன் முழுக்க நீ பெஞ்சுலதான், ஆட்டம் கிடையாது. கெட்ட வார்த்தைன்னு இல்ல. எந்த வார்த்தையும்."

"வணக்கம் கூடச் சொல்லக்கூடாதா மேடம்?"

"தலையாட்டு."

அன்று சாயங்காலம் நல்ல மழை. அரங்கத்தின் தகரக் கூரையில் அது விடாமல் பெய்ததில், கூட்டத்தின் சத்தமும் ஷூ சத்தமும் பந்துச் சத்தமும் எல்லாம் எங்கேயோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் கேட்டது. உயரத்தில் இருந்த ஜன்னல்கள் நீலமாகிக்கொண்டே வந்தன. வியர்வையோடு அந்த வெளிச்சத்தில் ஓடும்போது, குளத்தின் அடியில் ஓடுவதுபோல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினேன். கொக்கு எனக்கு எதிராக ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் தலையை ஆட்டினேன். என்னவோ ஏதோ என்று அவரே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

கடைசி நிமிடத்துக்கு வந்தபோது ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் எனக்குக் காது அடைத்துவிடும், கை தானாக வேகமெடுக்கும். அன்று அப்படி இல்லை. எல்லாம் மெதுவாக, வெகு மெதுவாக நடந்தது. எங்கள் ஆள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு எழுந்தது. எதிரணியின் உயரமான பெண் அதைத் தட்டிவிட்டாள். பந்து மூலையை நோக்கி, எல்லைக் கோட்டைத் தாண்டப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாகத் தொட்டவள் அவள். ஆக, பந்து வெளியே போனால் எங்களுக்குத்தான் கிடைக்கும், கடிகாரமும் நிற்கும், மிச்சமிருக்கும் நொடிகளில் இன்னொரு முறை ஆடலாம். அந்த மூலையில் என் தங்கை நின்றாள்.

"விடு" என்று கத்தினேன். தொடாதே, போகட்டும் என்ற அர்த்தத்தில்.

அவள் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தமே இல்லை. பயிற்சியில் நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த 'விடு' ஒன்றே ஒன்றுதான். கையை நீட்டிப் பந்தைப் பிடித்தாள், கூடையைப் பார்த்தாள், விட்டாள்.

பந்து மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. நீல ஜன்னலுக்கு நேராக ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. மழை கூட நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அது சத்தமே இல்லாமல் வலைக்குள் இறங்கியது, மணி அடித்தது, அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.

நான் பந்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கு முன்னால் அவள் காலைப் பார்த்திருந்தேன். பந்து கையில் இருந்தபோது அவளுடைய குதிகால் வெள்ளை எல்லைக் கோட்டின் மேல் இருந்தது. கோட்டை மிதித்தாலே வெளியே என்றுதான் கணக்கு, அந்தக் கூடை செல்லாது. கொக்கு பார்க்கவில்லை, அவருக்கும் மூலைக்கும் நடுவில் அந்த உயரமான பெண் நின்றாள். கூடை செல்லும் என்று கையைக் காட்டிவிட்டார்.

எதிரணிக் கேப்டன் அவரிடம் ஓடினாள். "சார், கோட்டை மிதிச்சா சார், சத்தியமா மிதிச்சா." கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்டமாக நான் நின்ற இடத்தில் அவள் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். என் தங்கை மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, தூக்கத்தில் நடப்பவள்போல் மெல்ல மெல்லக் களத்தின் நடுவே வந்துகொண்டிருந்தாள். பாவம், சந்தோஷத்தில் எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை என்று நினைத்தேன்.

நான் ஓடினேன். அவளைத் தாண்டித்தான் ஓடினேன்.

"சார், அவங்க சொல்றது நெசம். கோட்டை மிதிச்சா. நான் பார்த்தேன்."

கொக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பக்கம் குடுத்தாலும் தப்புன்னுதான் சொல்லுவியாம்மா?" என்றார். பிறகு இன்னொரு ரெஃப்ரியிடம் போய்ப் பேசினார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். திரும்பி வந்தபோது கொக்கின் முகத்தில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "நாங்க ரெண்டு பேருமே பாக்கல. பாக்காததுக்கு விசில் ஊத முடியாது. கூடை கூடைதான்."

இப்படியாக நாங்கள் அந்த சீசனின் முதல் ஆட்டத்தை ஜெயித்தோம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோச் வந்து என் தோளில் துண்டைப் போட்டார்.

"நீ பண்ணது சரி" என்றார். "நான் சொன்னதும் சொன்னதுதான். நாளையிலிருந்து பெஞ்சு."

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு, வாசலில் மழை விடக் காத்து நின்றோம், நானும் தங்கையும். அவள் ஜெயித்ததே முதல் முறை. அதைச் செல்லாது என்று ஊரறியச் சொன்னவள் சொந்த அக்கா. அவள் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"கோபமாடி?" என்றேன்.

"ஆமா."

"மிதிச்சது நெசம்தானே."

"மிதிச்சது எனக்குத் தெரியாதா? என் காலு." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "அதைச் சொல்லத்தான் அவர்கிட்ட நடந்து போயிட்டிருந்தேன். என்னை யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லலையே. நீ எதுக்கு ஓடின? கொஞ்சம் நின்னிருந்தா என்ன?"

அவள் என் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உன்கூட ஆடணும்னுதான் இந்தக் காலேஜ்லயே சேர்ந்தேன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினாள்.