போனை வெச்சுட்டு

சென்னிமலையின் மகள் ஆனந்தியைக் காலை ஒன்பது மணிக்குப் பிரசவ ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ரத்தமும் கம்மி, ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஒன்றும் சொல்ல முடியாது என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார். வராந்தாவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்த சென்னிமலையைப் பார்க்கச் சகிக்காமல், மனைவி கற்பகம்தான் அவரைக் குவாரி வேலைக்கு அனுப்பிவைத்தாள். ஏதாவது என்றால் போன் பண்ணுவதாகப் பேச்சு.

அன்றைக்குக் குவாரியில் வெடி வைக்கிற நாள். அந்த மாதிரி நாட்களில் எல்லாருடைய போனும் மேலே காவல்கார வீரபாண்டியின் ஷெட்டில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். பாறையில் துளைத்த குழிக்குள் வெடிமருந்தோடு சேர்த்து விரல் நீளத்தில் ஒரு குழாய் இறக்குவார்கள். அதற்குக் கேப்பு என்று பெயர். மருந்தை உசுப்பிவிடுவது அதன் வேலை. அதற்கு மின்சாரம் ஒரு சொட்டுப் போதும். பக்கத்தில் போன் அடித்தால் அந்தச் சொட்டு காற்றிலேயே கிடைத்துவிடலாம். கிடைக்காமலும் போகலாம். கிடைத்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை.

சென்னிமலை ஷெட் வாசலிலேயே வெடிக்கார மாரீஸ்வரனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, புள்ளைக்கு ஆபரேசன் நடக்குதுங்க. போன் எப்ப வேணாலும் வரும்."

மாரீஸ்வரன் சின்னக்கானல் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். வயர்ச் சுருளைத் தோளில் மாட்டியபடியே, "கவலைப்படாதீங்கண்ணே. போன வெச்சிட்டு வாங்க, பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

சென்னிமலைக்குக் கண் கலங்கிவிட்டது. வீரபாண்டி டப்பாவை எடுப்பதற்குள் போனைச் சட்டைப் பையில் வெச்சுட்டு மாரீஸ்வரன் பின்னாலேயே இறங்கினார்.

மாரீஸ்வரன் ஊரில் வெச்சிட்டு என்றால் அங்கேயே விட்டுவிட்டு. கையோடு கொண்டுவரச் சொல்வதென்றால் வெச்சிக்கிட்டு என்பார்கள். சென்னிமலை பிறந்த நல்லேப்பிள்ளிப் பக்கம் இரண்டுக்கும் வெச்சுட்டுதான். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டு அந்த ஊர் இத்தனை காலம் யாருக்கும் சேதமில்லாமல்தான் இருந்தது.

பதினோரு குழிகளிலும் மருந்து இறக்கியாயிற்று. வாயில் மண் திணித்தாயிற்று. மாரீஸ்வரன் கடைசி வயரை முறுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று பேர் பாறைமேல் குனிந்திருந்தார்கள். சென்னிமலை நிமிர்ந்து சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"இந்தப் பள்ளத்துக்குள்ள ரேஞ்ச் வருங்களா தம்பி?"

மாரீஸ்வரனின் விரல்கள் நின்றன.

"அண்ணே, போன் எங்க இருக்கு?"

"பையிலதானுங்க. நீங்கதான வெச்சுட்டு வரச் சொன்னீங்க?"

"வெச்சிட்டுத்தான் வரச் சொன்னேன்."

"வெச்சுட்டுத்தானுங்க வந்திருக்கேன்."

அதற்குமேல் அந்த விவாதத்தை வளர்க்க மாரீஸ்வரனுக்கு நேரமில்லை. சென்னிமலை விஷயம் புரிந்து, போனை அணைக்கக் கையைப் பைக்குக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க. அணையும்போதும் அது டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் அணையும். ஓடவும் வேண்டாம், வயரு தட்டிரும். வந்த வழியிலேயே நடங்க. எல்லைக்கு நட்ட செங்கொடியைத் தாண்டி ஷெட்டுக்குப் போயிருங்க." பிறகு மற்ற மூவரிடம் திரும்பினான். "நீங்க அந்தப் பக்க ஏணியில ஏறுங்கடா. ஒவ்வொருத்தனா."

சென்னிமலை நடந்தார்.

காலையிலிருந்து அவர் முருகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று, போன் வரட்டும். இப்போது வராமலிருக்கட்டும் என்று கேட்கவேண்டியிருந்தது. கேட்டபிறகுதான் உறைத்தது, போன் வராவிட்டால் ஆனந்திக்கு என்ன ஆயிற்று என்று அர்த்தம்? கேட்டதைத் திருப்பி வாங்கவும் முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஏணியில் ஒருவனின் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு பேரும் மாரீஸ்வரனும் கீழே. அவர்களுக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வீட்டில் யாராவது இருப்பார்கள். பையிலிருந்த போன் தன் நெஞ்சுத் துடிப்பில் அசைவதை அது அடிப்பதாக நினைத்து இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் நெஞ்சுதான்.

செங்கொடி பின்னால் போயிற்று. ஷெட் வாசலில் வீரபாண்டி டப்பாவை நீட்டினான். அதற்குள் போடப் போன நேரத்தில் போன் அடித்தது. கற்பகம்.

"ஏனுங்க, பொட்டப்புள்ளைங்க. ஆனந்தி கண்ணு முழிச்சுட்டா. ரத்தம் ஒரு பாட்டில் ஏத்தறாங்க, பயமில்லையாமா."

சென்னிமலை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்பப் பொறந்துச்சு?"

"அரை மணி நேரம் இருக்குமுங்க. அப்பவே உங்களுக்கு அடிக்கப் போனை எடுத்தேன். உள்ள மெசினு ஓடுது, இங்க போன் ஆகாதுன்னு ஒரு சிஸ்டரு கையிலிருந்து புடுங்கிட்டாங்க. கெஞ்சினேன், குடுக்கலையே. நான் வாசலுக்கு வந்தப்பறந்தான் குடுத்தாங்க. என்ன திமிருங்கறீங்க."

ஏணி உச்சியில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று.

"அந்தச் சிஸ்டரு பேரென்ன?"

"சிசிலின்னு கூப்புட்டாங்க. எதுக்குங்க, புகார் எழுதப் போறீங்களா?"

மூன்றாவது தலை. மாரீஸ்வரன் இன்னும் ஏறவில்லை. சென்னிமலை ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்பகம் அலோ அலோ என்றாள். கடைசியில் வயர்ச் சுருளோடு மாரீஸ்வரனின் தோள் மேலே வந்தது.

"அந்தச் சிஸ்டரு சொல்றபடி கேட்டுக்க, புள்ள" என்றார் சென்னிமலை. பிறகு போனை டப்பாவுக்குள் வைத்தார்.